நாலாம் நம்பர் தகடும் மூன்று கரண்டி கிச்சுரியும்

போன மாதம் கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் என் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் வெளியே வந்தது. பாதி மிளகு அளவு இருக்கும். அது வருவதற்கு முன் நான் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் அம்மிக்கல்லை எதிர்பார்த்திருப்பார்கள். வடிகட்டியில் அதைப் பிடித்த நர்ஸம்மா பொறுப்பானவர். அலசிக் கொடுத்துவிடலாம் என்று குழாயடிக்கு நடந்தார். அதுவரை உயில் எழுதுவதைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடந்த நான் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து வங்காளியில் கத்தினேன்: "தோபேன் நா! கழுவாதீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர், "என்ன தாதா, வைரமா?" என்று கேட்டார். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வருஷம் பன்னண்டாச்சு. அந்தம்மா இன்னும் உங்க வாய்லேருந்து பேசறாங்க."

உண்மைதான். தொண்டை என்னுடையது, வார்த்தை அவருடையது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, "என் பேரை எதுக்கு எழுதுனீய, என்ன ஆதாரம் வச்சிருக்கீய?" என்று கேட்பார். பவானிபூரில் ஒரு மாடியில் ஆபீஸ், டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோ மதிலை ஒட்டி ஒரு லேப். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. நான் விற்பனை, அவர் லேப். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கிரேடு. ஆபீஸ் முழுக்க அவரைத் 'தீதி', அதாவது அக்கா, என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தாதா' என்பார். கல்கத்தாவில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம். திருச்சியிலிருந்து வந்த என் மாமனார் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பாவும் ரயில்வே. கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டைப் பார்த்த குவார்ட்டர்ஸ். திருநெல்வேலியை அவர் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருந்தார். எண்ணினால் வங்காளியில் எண்ணுவார், ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டால் இந்தியில் போடுவார். ஆனால் தமிழ் என்று வாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர் அப்படியே கொட்டும். ஊரில் இருப்பவர்களே விட்டுவிட்ட வார்த்தைகளெல்லாம் சாந்த்ராகாச்சியில் பத்திரமாக இருந்தன.

நாங்கள் விற்ற சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காகித மில்லில் மரச்சில்லைக் காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணீரில் போட்டு வேகவைத்துக் கூழாக்குவார்கள். அந்தக் காரத்தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர் உண்டு. உள்ளே நூற்றுக்கணக்கில் குழாய்கள். மரத்தில் இருக்கும் சுண்ணாம்பெல்லாம் அந்தக் குழாய்களின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், வெந்நீர்க் கெட்டிலில் படிகிற மாதிரி. படிவு தடித்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் மில் நிற்கும். அது படியாமல் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. அதைத்தான் பீப்பாய் பீப்பாயாக விற்றோம்.

ஒரு பீப்பாய் மருந்து ஒரு ஏரித் தண்ணீரை எப்படிச் சமாளிக்கும் என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. விற்பவனுக்கே புரியாதது வாங்குபவனுக்கு நல்லதில்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"ஹவுரா லோக்கல்ல ஏறியிருக்கீயளா?"

"ஏறாம?"

"ஒரு பய முன்னாலயே ஏறி, சீட்டுல கைக்குட்டையப் போட்டுட்டு நிப்பான். ஆளு ஒண்ணு, கைக்குட்டை ஒண்ணு. ஆனா அந்த வரிசையில ஒருத்தனும் உக்கார முடியாது. நம்ம மருந்து அந்தக் கைக்குட்டைதான். சுண்ணாம்பு உக்காந்தாத்தான் பக்கத்துல இன்னொரு சுண்ணாம்பு உக்காரும். உக்காரவே விடாம நின்னுக்கிட்டே போக வச்சிருது."

அதற்குப் பிறகு எந்த மில்லிலும் நான் இதையே சொன்னேன். கைக்குட்டையை எடுத்து மேனேஜர் நாற்காலியில் போட்டுக் காட்டிய நாட்களும் உண்டு.

அவர் கைப்பையில் எப்போதும் இரண்டு பழைய கண் மருந்துக் குப்பிகள் இருக்கும். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் நீர்த்த ஆசிட். எங்கே எந்தப் படிவைக் கண்டாலும் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர், அப்புறம் ஒரு சொட்டு ஆசிட். தண்ணீரில் கரைந்தால் வெறும் உப்பு. ஆசிட்டில் நுரைத்தால் சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாவிட்டால் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள், கல்யாண வீட்டில்கூட நான் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்ததில்லை. அவருக்கு ஆகாத ஒரே காரியம், என்ன படிந்திருக்கிறது என்று பார்க்காமல் அதைக் கழுவுவது.

"கழுவாதீய! அது யாருன்னு முதல்ல கேளுங்க."

பவானிபூர் ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கிருந்த அலுமினியக் கெட்டிலின் உள்ளே முட்டை ஓடு போல ஒரு படலம். கடைக்காரர் ஒரு நாள் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். ஆபீஸுக்கு வந்திருந்த தீதி ரோட்டைக் கடந்து ஓடினார். பஸ் ஒன்று பிரேக் போட்டது.

"என்ன தீதி, யாராவது செத்துட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"அதைத் தேய்க்காதீங்க. ஒரு துண்டு குடுங்க."

துண்டு நுரைத்தது. "உங்க தண்ணி மாறிடுச்சு" என்று அவர் சொன்னார். "முன்னால எடுத்த குழாய்ல எடுக்கலையே நீங்க?" கடைக்காரர் திகைத்துப்போனார். பழைய குழாய் கெட்டுப்போய், பக்கத்துச் சந்தின் ஆழ்துளைக் குழாயில் பிடித்து ஒரு மாதமாகிறது. டீ ருசி மாறியது ஏன் என்று அவரும் வாடிக்கையாளர்களும் அதுவரை பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த தீதி, கீஸர் சரியாகச் சுடவில்லை என்று கேட்டதும் இலையை விட்டு எழுந்துவிட்டார். கம்பிச்சுருளைக் கழற்றி, அதில் படிந்திருந்ததைக் காகிதத்தில் சுரண்டி மடித்துத் தேதி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ரசம் ஆறிப்போனது. "நம்ம வீட்டு அழுக்கை அந்தம்மா எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்று என் மனைவி ஒரு வாரம் கேட்டாள்.

எதையும் அவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லமாட்டார். மில்லிலிருந்து நான் போன் செய்து, "தீதி, எல்லாம் ஓகேதானே? பயப்பட ஒண்ணுமில்லையே?" என்று கெஞ்சினாலும், "இன்னும் வெளிய எடுத்துப் பாக்கலையே, நான் என்னத்தச் சொல்லுததுக்கு?" என்பார். அந்தப் பக்கம் அவர் நிதானமாக இருக்க இருக்க, இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். இதுதான் என் வியாதி. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வயிறு கலங்கும். எனக்குப் பசி எடுக்கும். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் வரும் நாளில் ஒன்பது இட்லி சாப்பிட்டவன் நான்.

இனி நாலாம் நம்பர் தகட்டுக்கு வருகிறேன். வராமல் இவ்வளவு நேரம் சுற்றியதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒடிசாவில் ஒரு பெரிய மில். எங்கள் மருந்தை முப்பது நாள் வெள்ளோட்டம் விட ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஹீட்டருக்குப் போகும் குழாயில் நாலு இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம், மேலே ஒரு துளை, துளையின் இருபுறமும் பிளாஸ்டிக் வாஷர், மூலையில் பொறித்த எண். தொங்கவிடும் முன் எடை, எடுத்த பின் எடை. ஏறிய எடைதான் படிவு. ஏற்றம் அற்பமாக இருந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லாவிட்டால் காகித மில் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பிரிவு என்பது நானும் என் சூட்கேஸும்தான்.

முப்பதாம் நாள் மில்லின் ஃபிட்டர் தகடுகளைக் கழற்றி, வாஷரை உருவிவிட்டு, ஈரத்தோடு நாலு பாக்கெட்டில் போட்டு என்னிடம் கொடுத்தார். ரயில் ஏறினேன். முதல் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு பாக்கெட்டைத் திறந்து பார்த்தேன். நாலாம் நம்பர். ஈரமாக, பழுப்பாக இருந்தது. சரி என்று மூடினேன். அடுத்த ஸ்டேஷனில் மறுபடி திறந்தேன். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அதற்கப்புறம் எந்த ஸ்டேஷனையும் விடவில்லை. சாந்த்ராகாச்சி வருவதற்குள் தகடு முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டிவிட்டது. மற்ற மூன்றைத் திறந்தேன். காற்றுப் பட்டதும் அவையும் பூக்க ஆரம்பித்தன. ரயிலில் விற்ற ஜால்முரி, நம் காரப்பொரி மாதிரி, நாலு பொட்டலம் தீர்த்தேன்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை, நம் ஊர் ஆயுத பூஜை மாதிரி. அன்று கல்கத்தாவில் ரிக்‌ஷாவிலிருந்து பிரிண்டிங் மிஷின் வரை எல்லாம் குளிக்கும். லேபிலும் அப்படித்தான். குடுவைகளும் தராசும் துடைக்கப்பட்டு, குங்குமம் வைக்கப்பட்டு, மொட்டை மாடியில் எல்லோரும் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தீதி தன் மேஜையைச் சுற்றி மட்டும் நூல் கட்டி, 'இங்கே யாரும் எதையும் கழுவக் கூடாது' என்று மூன்று மொழியில் எழுதி வைத்துவிட்டுப் பூஜைக்குப் பூ வாங்கப் போயிருந்தார்.

எல்லாம் குளிக்கிற நாளில் ஒரு தகடு குளித்தால் என்ன என்று என் புத்தி கேட்டது. என் புத்தியின் கேள்விகள் எப்போதுமே இப்படித்தான். ஒரு கிண்ணத்தில் ஆசிட் ஊற்றி நாலாம் நம்பரைப் போட்டேன். சுர்ரென்று நுரைத்தது. ஐந்து நிமிஷம் போதும், அப்புறம் மற்ற மூன்றையும் போட்டுவிடலாம் என்று கணக்கு. அப்போது, பூஜை நாளின் அரிசி பருப்புக் கிச்சடிக்குக் கீழேயிருந்து அழைப்பு: "கிச்சுரி ரெடி!"

பயம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்று சொன்னேன் அல்லவா?

திரும்பி வந்தபோது தகடு சாம்பல் நிறத்தில் முடியிறக்கிய தலை மாதிரி இருந்தது. பொருக்கின் சுவடே இல்லை. திருப்தியாகத் துடைத்து, பாக்கெட்டில் போட்டு ஒட்டினேன். மற்ற மூன்றைப் போடுவதற்குள் தீதி செவ்வந்திப் பூவோடு படியேறி வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை மில் மேனேஜர் எடை பார்ப்பதற்கென்றே கல்கத்தா வந்தார். பாதித் தலை நரைத்தவர், அளந்து பேசுபவர். முதலாளி பக்கத்தில். மேஜையில் டீ, ஒரு தட்டு பிஸ்கட். தீதி முதல் பாக்கெட்டைப் பிரித்தார். பொருக்கு. மேனேஜர் புருவத்தை உயர்த்தினார்.

"இதைத் தடுக்கத்தானே உங்கள் மருந்து?"

தீதி தண்ணீர்க் குப்பியை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பொருக்கு, இருந்த இடம் தெரியாமல் கரைந்து ஓடியது. அடியில் பளிச்சென்று இரும்பு.

"இது படிவு இல்ல, சார். உங்க காரத்தண்ணி காத்துல காஞ்சு உப்பாப் பூத்திருக்கு. பாக்கெட்டைத் திறக்காம இருந்திருந்தா இதுகூட வந்திருக்காது." என்னைப் பார்த்தார். தமிழில் கேட்டார்: "எத்தனை தடவை திறந்தீய?"

"எத்தனை ஸ்டேஷனோ அத்தனை" என்றேன், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு.

யோசித்துப் பாருங்கள். என்னை ஒடிசாவிலிருந்து வங்காளம் வரை துரத்திய பேய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது.

மூன்று தகடுகளையும் தண்ணீரில் மெல்ல அலசி, உலர்த்தி, நிறுத்தார். எடை ஏற்றம் மிகச் சொற்பம். மேனேஜரின் முகம் இளகியது. முதலாளி இன்னொரு டீ சொன்னார். நாலாம் பாக்கெட் பிரிந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். தராசில் வைத்தார்கள். போகும்போது இருந்த எடையைவிடக் குறைவு. ரொம்பவே குறைவு.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் ஒரே வசனத்தை நாலாவது தடவையாக அழுதுகொண்டிருந்தார்.

"படிவு வராதது ஏன் என்று இப்போது புரிகிறது" என்றார் மேனேஜர். "படிவதற்கு இரும்பே இருக்காது. என் ஹீட்டரை உங்கள் மருந்து தின்கிறது."

அவர் மில்லுக்குப் போன் பேச வராந்தாவுக்குப் போன இடைவெளியில் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "தீதி, நாலாம் நம்பர் கீழே விழுந்து கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவோம். மூன்றின் கணக்கே போதும்."

"நாலு தொங்கவிட்டோம். நாலும் ரிப்போர்ட்ல இருக்கும்."

"பிரிவே போய்விடும், புரிகிறதா?"

"போகட்டும். என்னன்னு பாத்துட்டுப் போகட்டும்."

மேனேஜர் திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் கேட்டார் தீதி. லென்ஸைக் கண்ணில் வைத்து நாலு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் மூன்றிலும் துளையைச் சுற்றி, வாஷர் மறைத்திருந்த இடத்தில், ஒரு மெல்லிய வளையம் பழைய மெருகோடு இருந்தது. நாலாவதில் அந்த வளையமே இல்லை. வாஷருக்கு அடியில் இருந்த இடமும் மற்ற இடம் மாதிரியே அரித்திருந்தது.

"உங்க குழாய்ல அரிச்சிருந்தா இந்த வளையம் தப்பிச்சிருக்கும், சார். வாஷரைக் கழட்டின பிறகுதான் அரிச்சிருக்கு. வழியிலயோ, இங்கயோ. வழியில ஆசிட் கிடையாது."

"அப்படியென்றால் யார்?"

"நான் பாக்கலை. பாக்காததை எழுதமாட்டேன்."

சொல்லிவிட்டு ரிப்போர்ட் தாளை எடுத்து எழுதினார். 'தகடு எண் நான்கு: லேபில் ஆசிட்டில் கழுவப்பட்டுள்ளது. கழுவியவர்:' அதற்கப்புறம் ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை. பேனாவை மூடாமல் தாளின் மேல் வைத்து, மேஜையின் நடுவில் தள்ளினார்.

"நேற்று விஸ்வகர்மாவே நேரில் வந்து கழுவியிருக்கலாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அதை நானே கேட்க வேண்டியதாயிற்று.

தீதி தமிழில், மற்ற இருவருக்கும் புரியாதபடி, சாவகாசமாகச் சொன்னார்: "தாதா, தட்டுல பிஸ்கட் தீந்துபோச்சு. மேனேஜர் ஒண்ணு எடுத்தாரு. முதலாளிக்குச் சக்கரை வியாதி. நான் தொடவேயில்ல."

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். தூள்கூட மிச்சமில்லை.

"எனக்குத் தெரியும்னு வச்சுக்கிடுங்க. இருந்தாலும் உங்க பேரை நான் எழுதமாட்டேன். இடம் விட்டிருக்கேன், அவ்வளவுதான்."

எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டால் மருந்து இரும்பைத் தின்கிறது என்று மேனேஜர் ஊருக்குப் போய்விடுவார். அப்போதும் வேலை போகும், லேபின் பெயரும் சேர்ந்து போகும். இரண்டு வழியிலும் வேலை போகிறது என்பது விளங்கியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். இனிஷியல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மேனேஜர் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "உங்கள் ஆட்கள் விசுவாசமானவர்கள்" என்றார். "மருந்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். ஆர்டருக்காக யாரும் செய்யக்கூடியதுதான். நான் நம்பமாட்டேன்."

என் வாழ்க்கையில் நான் மனமார ஒப்புக்கொண்ட ஒரே குற்றம் அது. அதையும் தியாகம் என்று தள்ளிவிட்டார்கள்.

"நம்பாண்டாம் சார். நானும் இன்னும் நம்பலை" என்றார் தீதி. "செஞ்சு பாத்துருவோம்." என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் ஆசிட்ல கிடந்துச்சு?"

"தெரியலை. கடிகாரம் பாக்கலை. சாப்பிடப் போயிட்டேன்."

"என்ன சாப்பிட்டீய?"

"கிச்சுரி."

"எத்தனை கரண்டி?"

"ரெண்டு." அவர் பார்த்தார். "மூணு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்தச் சோதனை நடந்தது. அதே சமையல்காரர் வரவழைக்கப்பட்டார். அதே தையல் இலைத் தட்டு. தொங்கவிடாமல் மிச்சமிருந்த ஐந்தாவது தகட்டை எடை போட்டு, அதே பாட்டில் ஆசிட்டில் தீதி இறக்கிய கணத்தில், கீழே என் தட்டில் முதல் கரண்டி விழுந்தது. எதிரில் நாற்காலி போட்டு மேனேஜர். பக்கத்தில் முதலாளி. நடுவில் நான், உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பரீட்சைக்குப் படிக்காமல் போயிருக்கிறேன். ஆனால் சாப்பாட்டையே பரீட்சையாக எழுதியது அன்றுதான்.

தீதி படியில் நின்று பார்த்தார். "மெதுவாச் சாப்பிடுதீய. அன்னைக்கு இப்படியா சாப்பிட்டீய?"

"அன்னைக்குப் பயந்திருந்தேன்."

"இன்னைக்கு?"

"உண்மையைச் சொல்லிட்டேனே. பசியே இல்லை."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "முதலாளி உங்களை எடுத்துட்டு வேற ஆளு போடப் போறதா காலையில சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார்.

அதன் பிறகு வேகம் சரியாக இருந்தது. மூன்றாவது கரண்டி முடிந்ததும் கை தட்டினேன். மேலே தகடு வெளியே வந்தது. அலசி, உலர்த்தி, தராசில் வைத்தார். எடை குறைந்திருந்தது. ஆனால் நாலாம் நம்பர் இழந்த அளவுக்கு இல்லை. கொஞ்சம் போதவில்லை.

மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டார். முதலாளி சுவரைப் பார்த்தார். எனக்கு நாலாவது கரண்டி தேவைப்பட்டது.

தீதி அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டார். "தாதா, இன்னும் ஏதோ இருக்கு. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை தீதி."

"இரும்பு பொய் சொல்லாது. நீங்க சொல்லுவீய."

"அப்பளம்" என்றேன். "தக்காளிச் சட்னி. அப்புறம்..." குரல் தணிந்தது. "பாயசம். ரெண்டு கிண்ணம். ரெண்டாவது உங்க பங்கு. நீங்க பூ வாங்கப் போயிருந்தீங்க."

முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் பார்த்தேன். "எனக்குப் பாயசம் இல்லைன்னுட்டான் அந்தச் சமையல்காரன். நான் அவனைத் திட்டிட்டேனே!"

தகடு மறுபடி ஆசிட்டுக்குள் போனது. நான் மறுபடி தட்டுக்கு முன்னால் போனேன். அப்பளம், சட்னி, பாயசம் இரண்டு கிண்ணம். இந்த முறை தகட்டை எடுத்து நிறுத்தபோது முள் நாலாம் நம்பர் நின்ற இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. லென்ஸில் பார்த்தால் துளையைச் சுற்றி வளையம் இல்லை. இரண்டு தகடும் இரட்டைப் பிள்ளைகள்.

மேனேஜர் லென்ஸை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு என் பெயருக்குப் பக்கத்தில் 'என் முன்னிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எத்தனையோ ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன். நேரம் என்ற இடத்தில் பாயசம் என்று எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை" என்றார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். "ஹீட்டரைத் திறக்கும்போது இரண்டு பேரும் வாருங்கள். மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்வோம்."

போனோம். ஹீட்டரின் மூடியைக் கழற்றியதுமே ஃபிட்டர் பழக்க தோஷத்தில் தண்ணீர்க் குழாயைத் தூக்கினார். "கழுவாதீய!" என்ற சத்தம் கேட்டது. ஒடியா மட்டுமே தெரிந்த அந்த மனிதர் குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். குழாய்களுக்குள் வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம், அவ்வளவுதான். தீதி அதைத் தடவிப் பார்த்து, இரண்டு சொட்டும் விட்டுப் பார்த்து, நுரை அடங்கும்வரை நின்றார். "நல்லா இருக்குதா தீதி?" என்று கேட்டேன். "கேட்டாச்சு. சொல்லிருச்சு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட அதிகபட்சப் பாராட்டு அதுதான். ஆர்டர் வந்தது. என் வேலை போகவில்லை. ஆனால் லேப் வாசலில் ஒரு போர்டு வந்தது: விற்பனைப் பிரிவினர் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வரக் கூடாது. விற்பனைப் பிரிவினர் என்றால் நான் ஒருவன்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவர் அப்பா ரிட்டையராகி, சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். அஸ்ஸாம் பக்கம் குடிநீர் சோதிக்கிற லேபில் தீதிக்கு வேலை கிடைத்திருந்தது. போன் நம்பர் ஒரு தடவை மாறியது. அப்புறம் எனக்குத் தெரியாமல் போனது. கடைசி நாள் கைப்பையைத் திறந்து இரண்டு குப்பிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். தண்ணீர்க் குப்பி.

"இன்னொண்ணு?"

"ஆசிட்டு உங்களுக்கு வேண்டாம்."

நர்ஸம்மா கல்லைக் கழுவாமலே ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பரிசோதனைக்கு அனுப்ப ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். 'மாதிரி கழுவப்பட்டதா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'எடுத்தவர் பெயர்' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை. என் பெயரை எழுதினேன். இனிஷியல் கோட்டிலேயே நின்றது.

ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். என்ன கல்லோ, உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறதோ, ஒன்றும் தெரியாது. மனைவி டிபன் கேரியரைத் திறந்து, பழக்கத்தில், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து வைத்தாள்.

"போதும்" என்றேன். "பசிக்கலை."

அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.